எழுபத்திரண்டு படிகளும் ஒரு சொல்லும்

மாமியார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவரை நிறுத்தியாக வேண்டும். நூலகத்துக்குக் கிளம்பியவர் மூக்குக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். கண்ணாடி இல்லாமல் நூலகத்துக்குப் போய் அவர் அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் புத்தகம் எடுக்க முடியும்.

மருமகள் மூன்றாம் மாடி பால்கனியில் கண்ணாடியோடு நின்றாள். கீழே மாமியாரின் கறுப்புக் குடை நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மூடிக்கொண்டாள். அடுத்த நொடி, செருப்பைக்கூட மாட்டாமல், எழுபத்திரண்டு படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

குடைக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியை நீட்டியபோது அவளுக்குப் பேச மூச்சில்லை.

"தேங்க்ஸ்மா" என்றார் மாமியார். வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதுக்கா இந்த ஓட்டம்? மேல இருந்து ஒரு குரல் குடுத்தா நின்னிருப்பாங்களே!"

"இல்லைங்க... உடற்பயிற்சி."

"வெறுங்கால்லயா?"

அவள் படியேறினாள். பதில் இருந்தது. சொன்னால் தையல்காரர் சிரிப்பார். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. இன்று வரை அவள் மாமியாரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று, எல்லோரும் சூழ்ந்து நிற்கும்போது, கணவனின் அத்தை உரத்த குரலில் ஆரம்பித்து வைத்தார்.

"இன்னையிலேருந்து இவங்கதான் உனக்கு அம்மா. எங்க, வாய் நிறைய அம்மான்னு கூப்பிடு பாப்போம்!"

கூட்டம் முழுக்க அவள் வாயையே பார்த்தது. மாமியார் பதறிப்போய், "விடுங்க அண்ணி, அதுக்கெல்லாம் ஒரு அவசரமும் இல்ல" என்றார். இரண்டடி தள்ளி அவளைப் பெற்ற அம்மா நின்றுகொண்டிருந்தார், புகைப்படத்துக்குச் சிரிக்கும் சிரிப்போடு.

அன்று சாயங்காலம் பெற்ற அம்மா அவளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். "கூப்பிடு, தாராளமா கூப்பிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று ஓர் அம்மா சொன்னால், நினைக்க ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகிவிட்டது என்று பொருள். மகளுக்கு இது தெரியும்.

சரி, 'அத்தை' என்று கூப்பிடலாமே என்று கணவனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அத்தையா? ஏதோ மூணாம் மனுஷி மாதிரியா?" என்றான் அவன். "அம்மா மனசு கஷ்டப்படும்."

அம்மா என்றால் ஒருத்தர் மனம் கோணும், அத்தை என்றால் இன்னொருத்தர் மனம் கோணும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளைக்குகள் சேர்ந்து மூன்று மாதமாயின. இந்த மாதிரி விஷயத்தில் நாள் ஆக ஆகக் கூச்சம் குறையாது, வட்டி போட்டு ஏறும். முதல் நாளே கூப்பிட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தொண்ணூறாம் நாள் கூப்பிட்டால் வீடே திரும்பிப் பார்க்கும்.

கூப்பிடாமலேயே ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் செய்வது? முடியும். சொல்லப்போனால் அது ஒரு நுட்பமான தொழில். தமிழில் 'ங்க' என்று ஒன்று இருக்கிறது. "சாப்பிட வாங்க", "இதைக் கொஞ்சம் பாருங்க", "உங்களுக்குப் போன்" என்று, விளிக்காமலேயே நாளை ஓட்டிவிடலாம். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. எதிராளி அதே அறையில் இருக்க வேண்டும். முகம் நம் பக்கம் இருக்க வேண்டும். கையில் புத்தகம் இருக்கக் கூடாது.

மாமியார் நாள் முழுக்க பால்கனியில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, துப்பறியும் நாவலில் மூழ்கியிருந்தார்.

அதனால் மருமகள் வேறு வழிகள் கண்டுபிடித்தாள். இருமினாள். மூடியைக் கீழே போட்டாள். துணி காயப்போடுகிற மாதிரி பால்கனிக்குப் போய் முன்பக்கமாக வந்து நின்றாள். எதுவும் பலிக்காவிட்டால், "மாமா, டீ ரெடி!" என்று மாமனாரைக் கூப்பிட்டாள். 'மாமா' மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தச் சொல்லுக்கு வேறு சொந்தக்காரர் யாரும் போட்டிக்கு இல்லை. மாமியார் காதில் விழட்டும் என்றுதான் கூப்பிடுவாள். மாமனார்தான் வருவார். அதிகம் பேசாத மனிதர். தமக்குத் தேவையே இல்லாத நாலு டீயை தினமும் மறுப்புச் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுடைய வேலையே கூப்பிடுவதுதான். ஒரு கண் மருத்துவமனையில் பதிவு மேசை. "வாங்கம்மா, உட்காருங்கம்மா, கண்ணைத் தேய்க்காதீங்கம்மா." எண்பது வயதுக்காரியும் அம்மாதான், எட்டு வயதுச் சிறுமியும் அம்மாதான். தலைமை நர்ஸும் அம்மா. விரல் கதவிடுக்கில் மாட்டினாலும் அம்மா. ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அந்தச் சொல் அவள் வாயிலிருந்து தானாக விழும். வீட்டுக் கதவைத் திறந்ததும் நின்றுவிடும்.

மாமியாரே அவளை "என்னம்மா", "சாப்பிட்டியாம்மா" என்றுதான் கேட்பார். சொல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கிற?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "டம்ளரை எடு, ஸ்பூனை எடு, தட்டு. ரெண்டு தட்டுன்னா சாப்பாடு, மூணு தட்டுன்னா போன். முடிஞ்சு போச்சு."

அன்றே செய்து பார்த்தாள். டிங், டிங். பால்கனி நாற்காலி கிரீச்சிட்டது. மாமியார் எழுந்து வந்தார்! இரண்டே நாளில் பாஷை முழுவதும் பழகிவிட்டது. நான்கு தட்டு என்றால் வாசலில் ஆள் என்று மாமியாரே ஒன்று சேர்த்துக்கொண்டார். வீட்டில் ஒரு வாரம் சத்தமில்லாமல் சந்தோஷம் நிலவியது.

ஞாயிற்றுக்கிழமை கணவன் வந்தான்.

அவனுக்கு வெளியூரில் வேலை. வாரம் ஒரு நாள்தான் வீடு. அந்த ஒரு நாளில், "அம்மா, சார்ஜர் எங்க?", "அம்மா, என் நீலச் சட்டை?", "அம்மா, அம்மா, இங்க வாங்களேன்!" என்று அவன் காலை முதல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மாமியார் ஒவ்வொரு தடவையும் படித்த பக்கத்தில் விரலைச் செருகியபடி எழுந்து போனார். மருமகள் எண்ணிப் பார்த்தாள். பத்து மணிக்குள் பதினேழு. எவ்வளவு சுலபமாக வருகிறது இவனுக்கு, என்று பொறாமைப்பட்டாள்.

மதியம் அவள் டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கணவன் திகைத்துப்போனான். "என்னது இது? எங்கம்மாவை டம்ளர் தட்டிக் கூப்பிடுறியா?"

"நல்லாத்தாண்டா இருக்கு" என்றார் மாமியார். "எனக்கு ரொம்ப வசதியா இருக்கு."

கணவன் அவளை அடுக்களைக்குள் இழுத்துப் போனான். "பாத்தியா, எவ்வளவு பெருந்தன்மையா சொல்றாங்க! உள்ளுக்குள்ள அழுதுட்டு இருப்பாங்க."

"அழுற மாதிரி தெரியலையே. ரெண்டாவது தடவை சாதம் போட்டுக்கறாங்க."

"அதான் எங்கம்மா. வெளிய காட்டிக்கவே மாட்டாங்க. இங்க பாரு, அண்ணன் வீட்டுல பிள்ளைங்க, அண்ணி எல்லாரும் சேர்ந்து அவங்களைத் தலையில வெச்சுக் கொண்டாடுறாங்க. அதையெல்லாம் விட்டுட்டு நம்மளை நம்பி வந்திருக்காங்க. மனசு வெறுத்து அங்கேயே திரும்பிப் போயிட்டாங்கன்னா, நம்ம வீட்டுல ஒட்டலைன்னு ஊரே பேசும். அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரும்போது நீ அம்மான்னு கூப்பிடுற. அவ்வளவுதான்."

ஊர் பேசுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு வேறொரு பயம் வந்தது. மருத்துவமனை இரைச்சல் முடிந்து வீட்டுக்கு வந்தால், பால்கனியில் இரண்டு நாற்காலி. ஒன்றில் மாமியார், புத்தகத்தோடு. இன்னொன்றில் அவள், சும்மா. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார்கள். அவளுடைய நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் நிஜமாக அவளுடையது. அந்த இரண்டாவது நாற்காலி காலியாகிவிட்டால்?

செவ்வாய்க்கிழமை பதிவு மேசையில் நல்ல கூட்டம். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பேரு சொல்லுங்கம்மா. டோக்கன் எடுத்தீங்களாம்மா? எடுக்கலையா? அம்மா, அதோ நீல மெஷின்ல பட்டனை அழுத்துங்கம்மா, சீட்டு வரும். எடுத்துட்டு வரிசையில நில்லுங்கம்மா. இப்படி நடுவுல புகுந்து வந்தா எப்படிம்மா?"

மேசை மேல் அவளுடைய சாப்பாட்டு டப்பா வந்து உட்கார்ந்தது.

"மறந்து வெச்சுட்டு வந்துட்ட" என்றார் மாமியார்.

அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். மூன்று மாதமாகத் தொண்டையில் பூட்டி வைத்திருந்த சொல்லை, ஒரே மூச்சில், அதட்டலாக, ஆறு தடவை சொல்லியாகிவிட்டது. மாமியார் அவளைப் பார்க்கவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆறு மேசைகளிலிருந்தும் அம்மா, அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வாடிப்போயிற்று.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமா... வேலை அப்படி..."

"பாவம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"யாரைப் பாவம்னாங்க?" என்றாள் மருமகள்.

பக்கத்து மேசைக்காரி யோசித்துச் சொன்னாள். "தன்னைத்தான். வர்றவங்க போறவங்களை எல்லாம் வாய் நிறைய அம்மாங்கிற, வீட்டுல இருக்கிறவங்களுக்கு டம்ளர். வேற யாரைச் சொல்வாங்க?"

இனிமேல் தள்ளிப்போட முடியாது. அன்று மாலையே பயிற்சியை ஆரம்பித்தாள். இடம் குளியலறை. சத்தம் வெளியே போகாமல் இருக்கக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

அம்மா என்பது கேட்கத்தான் சின்னச் சொல். சொல்லிப் பார்த்தால் தெரியும் அதன் சிக்கல். வெட்டென்று முடித்தால் நோயாளியைக் கூப்பிடுவது போல இருக்கிறது. இழுத்தால் வாசலில் வந்து விற்பவர் குரல். கடைசியில் ஏற்றினால் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டது போல. இறக்கினால் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டது போல. பாசமாக, ஆனால் கொஞ்சாமல். மரியாதையாக, ஆனால் ஒட்டுதலோடு. அவள் கண்ணை மூடிக்கொண்டு விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா. அம்மாஆ. ம்ம்மா..."

மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்து குழாய் நின்று போனதை அவள் கவனிக்கவில்லை. ஓடு பதித்த சுவர்கள் அவள் குரலை இரண்டு மடங்காக்கி வீடு முழுக்க அனுப்பின.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. "என்னம்மா ஆச்சு? கதவைத் திற!" மாமனார்தான். பின்னால் மாமியார், கையில் வெந்நீர்ப் பையோடு.

"வயித்து வலியா?"

உண்மையை விளக்க ஒரு மணி நேரம் ஆகும். "ஆமா" என்றாள்.

அந்தச் சாயங்காலம் முழுவதும் இல்லாத வலியோடு படுத்துக் கிடந்தாள். மாமியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெந்நீர்ப் பையை ஒத்திக்கொண்டிருந்தார். சூடு ஆறியதும் அவரே போய் மாற்றிக்கொண்டு வந்தார், மூன்று தடவை. இந்த மனுஷியைக் கூப்பிடவா எனக்கு வாய் வரவில்லை என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சொல் மெல்ல மேலே ஏறி, நாக்கு நுனிக்கே வந்தது.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார் மாமியார். "நீ பேசாம இருக்க பாரு, அதுதான் உன்கிட்ட எனக்கு..."

அதற்குள் மாமனார் தண்ணீரோடு வந்துவிட்டார். வாக்கியம் அந்தரத்தில் நின்றது. அதை மருமகள் படுத்தபடியே முடித்துப் பார்த்தாள். உன்கிட்ட எனக்குப் பிடிக்காதது. வேறு எப்படி முடியும்?

மறுநாள் காலை கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் நின்றன.

"பெரியவன் வீட்டுக்குப் போயிட்டு வரேம்மா" என்றார் மாமியார். "பதினோரு மணி பஸ்."

போய்விட்டு வருகிறேன் என்பதில் ஆறுதல் தேட வழியில்லை. நம்மில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை; திரும்பியே வராதவர்கள்கூட 'வரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

"எப்ப... திரும்பி வருவீங்க?"

"பாக்கலாம். அங்க போயி எல்லாருக்கும் சொல்லிப் புரிய வெக்கணுமே. லேசுல விட மாட்டாங்க."

எல்லாருக்கும் சொல்லப் போகிறார்! அவள் ஒரு பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். காற்றைப் போல இலேசாக இருந்தது. கோபத்தில் துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்குக் கணவன் போனில் கத்தினான். "அப்பா சொன்னாரு, அம்மா பெட்டியோட கிளம்பிட்டாங்களாம், துணைக்கு அவரும் போறாராம்! கேட்டதுக்கு, இவ என்னைக் கூப்பிடவே மாட்டேங்கிறாளேன்னு சொல்லிட்டிருந்தாங்களாம்!"

"அழுதுட்டே சொன்னாங்களா?"

"சிரிச்சுட்டே சொன்னாங்களாம். விரக்தியில அப்படித்தான் சிரிப்பு வரும். ஏதாவது பண்ணு!"

அவள் தலைமை நர்ஸிடம் ஓடினாள். "அம்மா, ஒரு மணி நேரம் பர்மிஷன் குடுங்கம்மா, எங்க வீட்டுல... அவங்க..." இங்கே இரண்டு அம்மா தங்குதடையின்றி வந்தது. இதே வாய்தானே!

பேருந்து நிலையத்துக்குள் அவள் நுழையும்போது பதினோரு மணி பஸ் உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலோரம் மாமியார், மடியில் விரித்த புத்தகம். பக்கத்தில் மாமனார், செய்தித்தாள். முகம் இந்தப் பக்கம் இல்லை. இருமினால் கேட்காது. டம்ளர் இல்லை. முன்னால் போய் நிற்கலாம் என்றால் முன்னால் இருப்பது பஸ். மூன்று மாதமாக அவளைக் காப்பாற்றி வந்த உபாயங்கள் அத்தனையும் ஒரே நொடியில் தீர்ந்து போயின.

வாயைத் திறந்தாள். இந்தத் தடவை காற்று மட்டும் வரவில்லை.

"அம்மா!"

நிலையத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரி திரும்பினாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் திரும்பினாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கண்டக்டர் விசிலை ஊத, பஸ் குலுங்கி நின்றது. கடைசியாக, மெதுவாக, மாமியார் திரும்பினார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை திறந்துகொண்ட மடை இனி நிற்பதாக இல்லை.

"அம்மா, போகாதீங்கம்மா! தப்பு என்னோடதுதாம்மா. கூச்சமா இருந்துச்சும்மா, அதான் கூப்பிடலை. இனிமே டம்ளர் தட்ட மாட்டேம்மா. காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் அம்மா அம்மான்னு வாய் ஓயாம கூப்பிட்டுட்டே இருப்பேன், சத்தியம்மா!"

பஸ்ஸில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடுத்து வெச்ச மாமியார்" என்று யாரோ சொன்னார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மாமியார் மட்டும் அசையவில்லை. மடியிலிருந்த புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

மாமனார் செய்தித்தாளை நிதானமாக மடித்தார். மனைவியைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மருமகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"போச்சு! நாள் முழுக்க அம்மா அம்மான்னு உயிரை வாங்காத ஒரே பிள்ளை நீதான், கடைசி வரைக்கும் உன்கூடவே இருந்துடலாம்னு, பெரியவன் வீட்டுல கிடக்கிற மிச்சத் துணியையும் அள்ளிட்டு வரத்தாம்மா இவ காலிப் பெட்டியோட கிளம்பினா!"